முழங்கால் வலியை அளக்கும் வினாத்தாள்: துருக்கி மொழியில் அது அமைந்த விதம்

மூட்டு நோய்ப் பிரிவுக்கு வருவோருக்கு மருத்துவரைக் காண்பதற்கு முன்பே ஒரு தாள் தரப்படுவது உண்டு. படி ஏறும்போது வலி எவ்வளவு, காலையில் எழுந்தவுடன் மூட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது, காலுறை அணிவது எவ்வளவு கடினம் என்றவாறு வினாக்கள் அதில் வரிசையாக நிற்கும். பலர் அதனைச் சீட்டுப் பதிவு போன்ற மற்றொரு சடங்காகக் கருதி, கண்ணில் பட்ட கட்டத்தில் குறியிட்டுத் தந்துவிடுகின்றனர். உடன் வந்த மகனோ மகளோ, தாயைக் கேளாமலே நிரப்பித் தருவதும் உண்டு.

ஆனால் அத்தாளில் விழும் ஒவ்வொரு குறியும் ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண்களின் கூட்டுத்தொகையைப் பார்த்தே உடற்பயிற்சி பலன் தந்ததா, மருந்தை மாற்ற வேண்டுமா, அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும் காலம் வந்துவிட்டதா என்பனவற்றை மருத்துவர் ஆராய்கிறார். வினா பிழையாக அமைந்தாலும், விடை பிழையாக விழுந்தாலும், நோயாளியின் வலி தாளில் குறைந்து தோன்றும்.

ஒரு நாட்டில் எழுதப்பட்ட வினாத்தாளை மற்றொரு நாட்டு மக்களிடம் கேட்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை விளக்க, துருக்கி மொழி பேசும் நோயாளிகளின் அனுபவம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

எக்ஸ்ரே இருக்க, வினா எதற்கு?

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் மெலிகிறது. எலும்பின் ஓரங்களில் சிறு முளைகள் தோன்றுகின்றன. மூட்டினுள் இருக்கும் மெல்லிய சவ்வு அவ்வப்போது அழற்சியடைகிறது. இம்மாற்றங்களை எக்ஸ்ரே படத்தில் கண்டு தரம் பிரிக்கும் முறையை கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் 1957ஆம் ஆண்டில் வகுத்தனர். சுழியம் முதல் நான்கு வரையிலான அத்தரவரிசை இன்றும் வழக்கில் உள்ளது.

எனினும், படத்தில் காணும் தேய்மானமும் நோயாளி படும் துன்பமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் பெருந்தேய்மானம் தெரியும் ஒருவர் சந்தைக்கு நடந்து சென்று வருவார்; படத்தில் சிறிதே மாறுதல் தெரியும் மற்றொருவர் இரவில் உறங்க முடியாமல் தவிப்பார். படம் எலும்பைக் காட்டும். அம்முழங்காலோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை ஒரே ஒழுங்கில் கேட்டுப் பதிவு செய்யும் கருவியே வினாத்தாள்.

வோமேக் என்னும் வினாத்தாள்

இவ்வகை வினாத்தாள்களுள் உலகெங்கும் பெரிதும் வழங்குவது ‘வோமேக்’. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வெஸ்டர்ன் ஒன்டாரியோ, மெக்மாஸ்டர் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெயர்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. நிக்கலஸ் பெல்லமி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதனை உருவாக்கி 1988ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதில் 24 வினாக்கள் உள்ளன. வலியைப் பற்றியவை 5. மூட்டு இறுக்கத்தைப் பற்றியவை 2. அன்றாடச் செயல்களைப் பற்றியவை 17. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘இலேசு’, ‘நடுத்தரம்’, ‘கடுமை’, ‘மிகக் கடுமை’ என ஐந்து விடைகள். அவற்றுக்கு முறையே 0, 1, 2, 3, 4 என மதிப்பெண்கள். ஆகவே வலிக்கு உச்ச அளவு 20, இறுக்கத்துக்கு 8, செயல்களுக்கு 68, மொத்தம் 96. எண் கூடக் கூடத் துன்பமும் கூடுகிறது என்று பொருள்.

அன்றாடச் செயல்கள் பதினேழில் சிலவற்றைக் கவனியுங்கள்: படி இறங்குதல், படி ஏறுதல், காரில் ஏறி இறங்குதல், கடைக்குச் செல்லுதல், காலுறை அணிதல், காலுறையைக் கழற்றுதல், குளியல் தொட்டியினுள் இறங்கி ஏறுதல், கழிப்பறை இருக்கையில் அமர்ந்து எழுதல், கடின வீட்டு வேலை, இலகுவான வீட்டு வேலை. கனடாவில் வாழும் ஒருவருடைய ஒரு நாள் இதில் அப்படியே அமைந்திருக்கிறது. குளிர்நாட்டில் காலுறை நாள்தோறும் தேவை. வீடுதோறும் குளியல் தொட்டி உண்டு. நாற்காலி உயரத்தில் கழிப்பறை இருக்கை உண்டு. அந்நாட்டு நோயாளியின் முழங்காலை அறிய இவை பொருத்தமான வினாக்களே.

துருக்கி வீட்டில் ஒரு நாள்

இப்போது நடு அனத்தோலியாவின் சிற்றூர் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இவர் நாம் விளக்கத்துக்காகக் கற்பனை செய்துகொள்ளும் நோயாளி; ஆனால் இவரைப் போன்றோர் அங்கு ஏராளம்.

அவர் வீட்டுக் கழிப்பறை தரையோடு அமைந்தது. குந்தி அமர வேண்டும். துருக்கியர் இதனை ‘அலாதுர்கா’, அதாவது துருக்கிய முறை என்பர். இருக்கை வைத்த கழிப்பறைக்கு ‘அலாஃப்ராங்கா’, அதாவது ஐரோப்பிய முறை என்று பெயர். நகர அடுக்ககங்களில் பின்னதே பெருவழக்கு. சிற்றூர்களிலும் பொது இடங்களிலும் முன்னதை இன்றும் காணலாம். குளிக்கும்போது அவர் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, கிண்ணத்தால் நீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறார், தொட்டி இல்லை. உணவு வேளையில் தரையில் துணி விரித்து, அதன்மேல் தாழ்ந்த பலகையோ தட்டோ வைத்துச் சுற்றி அமர்வர். இதற்குத் தரைப் பந்தி என்னும் பொருள்பட ‘யெர் சோஃப்ராசு’ என்று பெயர். சம்மணமிட்டு அமர்வதைக் குறிக்க அவர்கள் மொழியில் ‘பாதாஷ்’ எனத் தனிச்சொல்லே உண்டு. தொழுகையில் முழங்கால்களை மடக்கித் தரையில் ஊன்றி, நெற்றியை நிலத்தில் வைத்து, மீண்டும் எழுகிறார். இது ஒரு நாளில் ஐந்து வேளை நிகழ்வது.

இவருடைய முழங்கால் எங்கெங்கே தோற்கிறதோ, அங்கெல்லாம் கனடிய வினாத்தாள் எட்டிப் பார்க்கவில்லை. வினாத்தாள் எட்டிப் பார்க்கும் இடங்கள் சிலவற்றில் இவருக்கு வாழ்க்கையே இல்லை. ‘குளியல் தொட்டியில் இறங்குவது எவ்வளவு கடினம்?’ என்று கேட்டால், இறங்கியதே இல்லாதவர் ‘கடினம் இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். அச்சொல் சுழியம் என்று பதிவாகும்.

மற்றொரு வினாத்தாளிலும் இதே சிக்கல் எழுகிறது. சுவீடனைச் சேர்ந்த எவா ரூஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கூஸ்’ என்னும் வினாத்தாளில் 42 வினாக்கள் உள்ளன. அதுவும் துருக்கி மொழியில் வெளிவந்துள்ளது. அதில் குந்துதல், முழங்காலிடுதல் ஆகிய இரண்டும் ஓடுதல், குதித்தல் ஆகியவற்றுடன் சேர்ந்து ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’ என்னும் பகுதியில் இடம்பெறுகின்றன. எழுபது வயதுக்காரர் அத்தலைப்பைக் கண்டதும், ‘எனக்கு ஏது விளையாட்டு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருக்கோ குந்துதல் கழிப்பறைத் தேவை, முழங்காலிடுதல் தொழுகை. தலைப்பின் ஒரு சொல்லே விடையைத் தடுத்துவிடுகிறது.

சொல் மாறினால் பொருளும் மாறும்

வாழ்க்கை முறை ஒருபுறம் இருக்க, சொல்லிலும் தடைகள் உண்டு. வலிக்குத் தமிழில் குடைச்சல், கடுப்பு, குத்தல், உளைச்சல் எனப் பல பெயர்கள் இருப்பது போலவே துருக்கி மொழியிலும் உண்டு. தலைவலி, மூட்டுவலி போன்றவற்றைச் சுட்டும் பொதுச்சொல் ‘ஆரு’. விடாமல் உள்ளே நோகும் மெல்லிய வலி ‘ஸுஸு’. ‘அஜு’ என்பது உடல் நோவையும் மனத்துயரையும் கசப்புச் சுவையையும் சேர்த்தே குறிக்கும். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்கு இவற்றுள் எதை இடுவது என்பதைப் பொறுத்தே, நோயாளி எந்த வலியை நினைத்து விடை சொல்வார் என்பது அமைகிறது.

மூட்டு இறுக்கத்தைக் குறிக்கவும் இரு சொற்கள் முன் நிற்கின்றன. ‘ஸெர்ட்லிக்’ என்றால் கடினத்தன்மை. கல்லுக்கும் காய்ந்த ரொட்டிக்கும் அச்சொல்லையே சொல்லலாம். ‘டுடுக்லுக்’ என்றால் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கும் நிலை. காலையில் எழுந்தவுடன் முழங்கால் மடங்க மறுப்பதை ஒருவர் எந்தச் சொல்லால் உணர்கிறார் என்பதை அகராதி சொல்லாது. நோயாளிகளைக் கேட்டே அறிய வேண்டும்.

இன்னொரு சொல் இன்னும் நுட்பமானது. துருக்கி மொழியில் ‘பான்யோ’ என்பது குளியலையும் குறிக்கும், குளியலறையையும் குறிக்கும். ‘பான்யோவுக்குள் செல்வதும் வெளிவருவதும் எவ்வளவு கடினம்?’ என்று மொழிபெயர்த்தால், தொட்டியின் உயர்ந்த விளிம்பைக் கால் தூக்கிக் கடப்பதைப் பற்றிய வினா, அறைக்குள் நடந்து செல்வதைப் பற்றிய வினாவாக மாறிவிடக்கூடும். அறைக்குள் நடப்பது எளிது. ஆகவே விடையும் எளிதாகவே வரும். பிழை எங்கே நேர்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

மொழிபெயர்ப்பின் ஐந்து படிகள்

இத்தகைய பிழைகளைத் தவிர்க்க ஆய்வாளர்கள் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளனர். கீமேன், பொம்பார்தியே, பீட்டன் ஆகியோர் 1993ஆம் ஆண்டில் இதற்கான வழிமுறைகளை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டில் பீட்டனும் உடன் ஆய்வாளர்களும் அதனை விரித்துரைத்தனர். அதன் படிகள் வருமாறு.

முதற்படி மொழிபெயர்ப்பு. இலக்கு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். ஒருவர் மருத்துவப் பொருளை அறிந்தவராக இருப்பார். மற்றவர் அதனை அறியாதவராக இருப்பார். பின்னவரின் மொழியே பெரும்பாலும் பொதுமக்கள் பேசும் மொழிக்கு நெருங்கி நிற்கும்.

இரண்டாம் படி இணைப்பு. இரு வடிவங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, வேறுபடும் இடங்களை விவாதித்து ஒரே வடிவமாக்குவர்.

மூன்றாம் படி மீள்மொழிபெயர்ப்பு. மூல வினாத்தாளைப் பார்த்திராத இருவர், புதிய வடிவத்தை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவர். மூலத்திலிருந்து விலகிய இடங்கள் இதனால் வெளிப்படும். ஆனால் இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மேலே கண்ட ‘பான்யோ’வை மீண்டும் ஆங்கிலத்தில் ‘குளியல்’ என்றே எழுதிவிடலாம். தாளில் எல்லாம் சரியாகத் தோன்றும். குறையோ உள்ளே மறைந்திருக்கும்.

நான்காம் படி வல்லுநர் குழு. மருத்துவர், மொழி அறிஞர், ஆய்வுமுறை அறிந்தோர், மொழிபெயர்த்தோர் ஆகிய அனைவரும் கூடி ஒவ்வொரு வினாவையும் நான்கு கோணங்களில் ஆராய்வர். சொற்பொருள் ஒத்திருக்கிறதா? மரபுத்தொடர்கள் இயல்பாக ஒலிக்கின்றனவா? வினாவில் வரும் செயல் அந்நாட்டு மக்களின் வாழ்க்கையில் உண்டா? அக்கருத்து அவர்களிடம் அதே எடையுடன் நிற்கிறதா? முள்கரண்டி புழங்காத நாட்டில் ‘முள்கரண்டியால் உண்ண முடிகிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை; அம்மக்கள் உண்ணும் முறையைச் சொல்லியே கேட்க வேண்டும். தொட்டியும் இருக்கையும் பற்றிய வினாக்கள் இக்கட்டத்திலேயே திருத்தம் பெற வேண்டியவை.

ஐந்தாம் படி முன்னோட்டம். முப்பது முதல் நாற்பது நோயாளிகளிடம் வினாத்தாளைக் கொடுத்து, நிரப்பிய பின் ஒவ்வொருவரையும் கேட்பர்: ‘இவ்வினாவை எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்? இந்த விடையை ஏன் தேர்ந்தீர்கள்?’ குழுவிலிருந்த அறிஞர் ஒருவரும் காணாத குறையை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு மூதாட்டி இங்கே ஒரே நொடியில் காட்டிவிடுவார். ‘நான் குளிக்கும் அறைக்கு நடந்துதானே போகிறேன்?’ என்று அவர் சொல்லும்போதுதான், வினா எங்கே வழுவியது என்பது தெரியும்.

நான்கு சோதனைகள்

சொல் சீரானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. புதிய வடிவம் உண்மையில் அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோமேக்கின் துருக்கி வடிவத்தைப் பற்றி டூசூன், ஏகெர், அய்தார், தஷ்காபான், பயிராமோலு ஆகியோர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் தலைப்பிலேயே நான்கு சோதனைகள் சுட்டப்பட்டுள்ளன. நம் வீட்டுத் தராசை எண்ணிப் பார்த்தால் அவை எளிதில் விளங்கும்.

முதலாவது, ஏற்கப்படும் தன்மை. நோயாளிகள் வினாத்தாளை நிரப்ப முன்வருகிறார்களா? எந்த வினாக்களை விட்டுவிடுகிறார்கள்? எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரே வினாவைப் பலர் வெறுமையாக விட்டால், குறை நோயாளிகளிடம் இல்லை, வினாவில் இருக்கிறது.

இரண்டாவது, நம்பகத்தன்மை. ஒரே அரிசிப் பையை இருமுறை நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்ட வேண்டும். அவ்வாறே, நோய்நிலை மாறாத ஒருவர் சில நாள் இடைவெளியில் இருமுறை நிரப்பினால் மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் முந்தைய விடை நினைவில் இருக்கும். மிக நீண்டால் நோயே மாறியிருக்கும். மேலும், ஒரே பகுதியிலுள்ள வினாக்கள் ஒன்றோடொன்று இசைந்து செல்ல வேண்டும். இவ்விசைவைக் காட்டும் எண்ணுக்கு ‘க்ரான்பாக் ஆல்பா’ என்று பெயர். லீ க்ரான்பாக் 1951ஆம் ஆண்டில் அதனை விளக்கி எழுதினார். பொதுவாக அது 0.70க்கு மேல் இருக்க வேண்டும் என்பர். 1.00ஐ மிக நெருங்கினாலும் நன்றன்று. ஒரே வினாவைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பதற்கு அது அடையாளமாகலாம்.

மூன்றாவது, ஏற்புடைமை. தராசு எடையைத்தான் காட்டுகிறதா, வேறெதையோ காட்டுகிறதா? முழங்கால் வினாத்தாளின் மதிப்பெண், முழங்காலை அளக்கும் வேறு கருவிகளோடு ஒத்துச் செல்ல வேண்டும். மனநலம் போன்று தொலைவான ஒன்றை அளக்கும் கருவியோடு அத்துணை நெருங்கி ஒத்துச் செல்லலாகாது.

நான்காவது, மாற்றத்தை உணரும் திறன். சிகிச்சைக்குப் பின் நோயாளி உண்மையில் தேறியிருந்தால், எண்ணும் இறங்க வேண்டும். எவ்வளவு தேறினாலும் அசையாத முள்ளைக் கொண்ட தராசு மருத்துவமனைக்குப் பயன்படாது.

ஒரு சிறு கணக்கு

வினா பொருந்தாவிட்டால் எண் எவ்வளவு மாறும்? நாம் மேலே கற்பனை செய்த அனத்தோலிய மூதாட்டியையே எடுத்துக்கொள்வோம். வோமேக்கின் பதினேழு செயல் வினாக்களில் பதினான்குக்கு அவர் ‘கடுமை’ என்று விடையளித்தார் எனக் கொள்வோம்: 14 × 3 = 42. எஞ்சிய மூன்று, குளியல் தொட்டி, கழிப்பறை இருக்கை, கார் ஆகியவற்றைப் பற்றியவை. அவர் வாழ்க்கையில் இம்மூன்றும் இல்லை. எனவே ‘கடினம் இல்லை’ என்று குறித்துவிட்டார். மொத்தம் 68க்கு 42. அதாவது ஏறத்தாழ 62 விழுக்காடு.

அதே மூன்றையும் ‘எனக்குப் பொருந்தாது’ என்று சொல்லி வெறுமையாக விட்டிருந்தால், மதிப்பிடுவோர் எஞ்சிய வினாக்களின் சராசரியை அங்கே இட்டுக் கணக்கிடலாம். சராசரி 3 ஆதலால் மேலும் 9 சேரும். மொத்தம் 51; அதாவது 75 விழுக்காடு. ஒரே முழங்கால், ஒரே வலி. எண்ணில் மட்டும் 13 விழுக்காட்டுப் புள்ளிகள் வேறுபாடு. சிகிச்சை பலித்ததா இல்லையா என்று முடிவு செய்ய இத்தகைய வேறுபாடு போதுமானது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அவ்வினாக்களை அவர் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி, குந்தி எழுவதையும் தாழ்ந்த முக்காலியிலிருந்து எழுவதையும் கேட்டிருந்தால், ‘மிகக் கடுமை’ என்றே அவர் குறித்திருக்கக்கூடும். மாற்றியமைப்பின் நோக்கம் அந்த விடையைப் பெறுவதே. ஜப்பானிய ஆய்வாளர்கள் தம் நாட்டு வாழ்க்கை முறைக்கு ஏற்ப 25 வினாக்கள் கொண்ட தனி வினாத்தாளையே உருவாக்கி 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனினும், வினாக்களை மிகுதியாக மாற்றினால் ஒரு நாட்டின் எண்ணை மற்றொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிட இயலாது. அதனால்தான் ஒவ்வொரு மாற்றமும் குழுவால் எடைபோடப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, மீண்டும் சோதிக்கப்படுகிறது.

மகளின் மொழிபெயர்ப்பு

துருக்கி மொழி பேசும் நோயாளிகள் துருக்கியில் மட்டும் இல்லை. 1961ஆம் ஆண்டில் ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்வழி ஜெர்மனியின் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்றவர்களில் பலர் அங்கேயே முதுமை எய்தினர். அவர்களுள் ஒருவர் ஜெர்மானிய மருத்துவமனைக்குச் செல்லும்போது, அங்கேயே பிறந்து வளர்ந்த மகள் உடன் வருகிறார் என்று கொள்வோம். தாள் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. மகள் ஒவ்வொரு வினாவையும் அந்த நொடியில் துருக்கி மொழியாக்கித் தாயிடம் கேட்கிறார்.

மகளின் அன்பில் குறையில்லை. ஆனால் இன்று ‘ஸெர்ட்லிக்’ என்று கேட்டவர், மூன்று மாதம் கழித்து ‘டுடுக்லுக்’ என்று கேட்கக்கூடும். அடுத்த முறை மகன் வந்தால் வேறொரு சொல்லால் கேட்பார். வினா மாறினால் விடை மாறும். விடை மாறினால் நோய் மாறியதாகத் தோன்றும். மேலும், பிள்ளைகளின் முன்னிலையில் கழிப்பறையைப் பற்றியும் இரவு வலியைப் பற்றியும் மனம் திறந்து பேசப் பல தாய்மார்கள் கூசுவர். சோதித்து அமைத்த வடிவம் கையில் இருந்தால், அதனை எல்லா முறையும் அதே சொற்களால் கேட்கலாம். எழுதப் படிக்க அறியாதவருக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உள்ளபடியே படித்துக் காட்டலாம்.

‘சமாளித்துக்கொண்டிருக்கிறோம்’

எவ்வளவு செம்மையான வினாத்தாளும் வெல்ல முடியாத ஒரு தடை உண்டு. அது நோயாளியின் பொறுமை. துருக்கியில் முதியோரை நலம் விசாரித்தால், ‘சோக் ஷுகூர்’, அதாவது இறைவனுக்கு மிக்க நன்றி என்பர். ‘இதாரே எதியோருஸ்’ என்றும் சொல்வர். ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் பொருள். நம் வீடுகளில் ‘பரவாயில்லை, வயதானால் இப்படித்தான்’ என்று சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

அது பண்பட்ட பேச்சு. விருந்தினரிடம் அவ்வாறே சொல்ல வேண்டும். ஆனால் வினாத்தாளில் அப்பண்பு நோயாளிக்கு எதிராகவே வேலை செய்கிறது. ‘கடுமை’ என்று குறிக்க வேண்டிய இடத்தில் ‘இலேசு’ என்று குறித்தவரின் வலியை, மருத்துவர் வேறெங்கும் படித்தறிய இயலாது.

நாம் செய்யத்தக்கவை

துருக்கி மூதாட்டியின் முழங்காலுக்கும் தரையில் அமர்ந்து, குந்தி எழும் நம் பெரியோர் முழங்காலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆகவே அடுத்த முறை இத்தகைய தாள் உங்கள் கைக்கு வரும்போது பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

1. எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வோமேக் கடந்த 48 மணி நேரத்தைக் கேட்கிறது. கூஸ் கடந்த ஒரு வாரத்தைக் கேட்கிறது. சென்ற மாதம் பட்ட வலியையோ, இன்று காலை கண்ட ஆறுதலையோ மட்டும் கருதி விடையளிக்க வேண்டாம்.

2. உங்கள் வாழ்க்கையில் இல்லாத செயலைப் பற்றிய வினாவுக்கு ‘கடினம் இல்லை’ என்று குறிக்காதீர்கள். ‘இது எனக்குப் பொருந்தாது’ என்று செவிலியரிடம் சொல்லுங்கள். எவ்வாறு பதிவு செய்வது என்பதை அவர் அறிவார்.

3. வலியால் கைவிட்ட செயலைத் தனியே குறிப்பிடுங்கள். மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டவர், ‘படி ஏறுவதில் வலி இல்லை’ என்று எழுதினால் அது பிழையான செய்தியாகும்.

4. வினாத்தாள் கேட்காத துன்பத்தையும் சொல்லுங்கள். தரையிலிருந்து எழ இயலவில்லை, குந்த இயலவில்லை, கோயிலிலோ பள்ளிவாசலிலோ மண்டியிட இயலவில்லை என்றால், அதனைத் தாளின் ஓரத்தில் எழுதலாம், வாயாலும் கூறலாம்.

5. சொல் விளங்காவிட்டால் கேளுங்கள். நீங்கள் கேட்கும் அக்கேள்வி, வினாத்தாளைத் திருத்துவோருக்கும் உதவும்.

6. உடன் வருவோர் படித்துக் காட்டலாம், எழுதித் தரலாம். ஆனால் விடையை நோயாளியே சொல்லட்டும். நீங்கள் வீட்டில் கண்டது அவர் சொல்வதோடு முரண்பட்டால், அவருடைய விடையைத் திருத்தாமல், மருத்துவரிடம் தனியே தெரிவியுங்கள்.

7. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிரப்புங்கள். முதன்முறை நீங்களே நிரப்பியிருந்தால், அடுத்த முறையும் நீங்களே நிரப்புவது நன்று.

கனடாவில் எழுதப்பட்ட 24 வினாக்கள் அனத்தோலியச் சிற்றூரின் மூதாட்டியைச் சென்றடைய, மொழிபெயர்ப்பாளரும் மருத்துவரும் நோயாளிகளும் பலமுறை கூடி உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் கடைசிப் பகுதி நோயாளியின் கையில் இருக்கிறது. அடுத்த வருகையின்போது தாளை வாங்கியவுடன் ஐந்து நிமிடம் அமர்ந்து, நேற்றும் முன்தினமும் உங்கள் முழங்கால் எங்கெங்கே உங்களைத் தடுத்தது என்று நினைத்துப் பார்த்து, அதன்பின் பேனாவை எடுங்கள்.